முன்சக்கரத்தில் ஒரு கடக்

காரின் முன்பக்கத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

சத்தம் வந்தால் வண்டிக்காரனுக்குக் கவலை வர வேண்டும், இவனுக்கென்ன சந்தோஷம் என்று கேட்பீர்கள். விஷயம் இதுதான். என் மனைவி ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவளை ஊர்க்கோடியில் இருக்கும் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ், வந்தால் வரும். என் ஆபீசுக்கோ தெருமுனையில் ஏறினால் ஆபீஸ் வாசலிலேயே இறக்கிவிடும் பஸ் இருக்கிறது.

"திங்கட்கிழமையிலேர்ந்து வண்டிய நான் எடுத்துக்கறேன்" என்றாள்.

நியாயமான பேச்சு. அதனால்தான் எரிச்சல். அநியாயமாகக் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். லைசென்ஸ் இல்லை என்று சொல்லலாமென்றால் வைத்திருக்கிறாள். ஓட்டத் தெரியாது என்று சொல்லலாமென்றால் ஓட்டுவாள், என்னைவிட நன்றாக. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, அடுத்தவர் அக்குளில் மூக்கை வைத்துப் பயணம் செய்கிற வயதா எனக்கு? இந்த நெருக்கடியில்தான், வெள்ளிக்கிழமை சாயங்காலம், தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அந்தக் 'கடக்' வந்தது. கடவுள் அனுப்பிய கடக்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்னங்க, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"வண்டி சொல்லுது. முன்னாடி சத்தம்."

"முன்னாடி எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"அது நான் உக்கார்ற பக்கமாச்சே. நான்தான் இன்னைக்கு வண்டியிலயே இல்லையே!"

என் ஜோக்கை எனக்கு முன்னால் சொல்லிவிடுவது அவள் வழக்கம்.

"விளையாடாத. ஒண்ணு பிரேக்கா இருக்கணும், இல்ல சஸ்பென்ஷனா இருக்கணும். சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம வண்டிய உன் கையில குடுக்க என் மனசு கேக்காது."

"உங்க கையில இருந்தா பரவாயில்லையா?"

"எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். நீ முக்கியம்."

"அடேங்கப்பா! இதச் சொல்றதுக்கு ஒரு சத்தம் வர வேண்டியிருக்கு. மெக்கானிக்கிட்ட விடுங்க."

"அவன் ஒண்ணுக்கு நாலா கழட்டுவான். நானே கண்டுபிடிக்கிறேன்."

என் திட்டம் உங்களுக்குப் புரிந்திருக்கும். கண்டுபிடிக்கவே கூடாது. ஊரில் விசாரணைக் கமிஷன் போடுவதெல்லாம் கண்டுபிடிப்பதற்கா? விசாரணை நடக்கும் வரை வண்டி விசாரணை அதிகாரியின் வசம் இருக்கும். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை, ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கினேன். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். எதிர்வீட்டு சர்வேயர் வந்து நின்றார். ஓய்வு பெற்றவர். அளக்க நிலம் இல்லாததால் தெருவில் இருப்பவர்களை அளக்கிறார்.

"என்ன சார், காலங்காத்தால ஆட்டம்?"

"சக்கரத்துல ஆட்டம் இருக்கான்னு பாக்குறேன்."

"சக்கரம் அசையலையே. நீங்கதான் ஆடுறீங்க."

மனைவி டீயுடன் வந்தாள். "என்னவாம்?"

"கீழ ஒரு இரும்புக் கை இருக்கு. சக்கரத்தப் பிடிச்சிருக்கிறது அதுதான். அதோட ரப்பர் புஷ் போயிருக்கும்னு நினைக்கிறேன். பெரிய வேலை. ஒரு மாசம் ஆகும்."

"ஒரு ரப்பருக்கா?"

"எதுவா இருந்தாலும், முன்னாடி ஒண்ணு லூசா இருக்கு. அது மட்டும் நிச்சயம்."

"அது எனக்குக் கல்யாணமான வாரமே தெரியும்."

சர்வேயர் வாயிலிருந்த சிரிப்பை இருமலாக மாற்றினார். மரியாதை தெரிந்தவர்.

"சரி, நான் ஓட்டுறேன். நீங்க கூடவே நடந்து வந்து எங்க சத்தம் வருதுன்னு கேளுங்க" என்றாள்.

விசாரணை அதிகாரி எப்படி மறுப்பது? சாவியைக் கொடுத்தேன். அவள் ராணி மாதிரி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்க, நான் முன்சக்கரத்துக்குக் காதைக் கொடுத்தபடி முதுகை வளைத்துத் தெரு முழுக்க ஓடினேன். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் நலம் விசாரித்தார்கள். ஒரு அம்மாள், "இப்படிக் கெஞ்ச விடுறியேம்மா, ஏத்திக்கக் கூடாதா?" என்று அவளைக் கேட்டே விட்டாள்.

வேகத்தடையில் ஏறினாள். கடக். திரும்பி வந்து மறுபடி ஏறினாள். சத்தமில்லை.

கண்ணாடியை இறக்கினாள். "ரெண்டாவது தடவை பிரேக்க லேசா மிதிச்சுக்கிட்டே ஏத்துனேன். சத்தம் நின்னுடுச்சு பாத்தீங்களா? புஷ் போயிருந்தா அப்பவும் வரும். பிரேக்குல இருக்கிற பேட், அதான் அந்தக் கட்டை, ஆடுது. அமுக்கிப் பிடிச்சா அடங்கிடுது."

"இதெல்லாம் யார் சொன்னா உனக்கு?"

"மெக்கானிக். போன்ல கேட்டேன்."

"அமுக்கிப் பிடிச்சா எதுவும் அடங்கும்" என்றார் சர்வேயர், என்னைப் பார்த்தபடி.

விசாரணை முதல் நாளே முடிந்துவிடும் போலிருந்தது. அதற்குள் கமிஷனைக் கலைப்பதா?

"அடங்கலையே. எனக்கு ரெண்டாவது தடவையும் கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"லேசா. பழகின காதுக்குத்தான் கேக்கும். புஷ்தான். சந்தேகமே இல்ல."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பதில் பேசாமல் உள்ளே போனாள். அவள் பதில் பேசாவிட்டால் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். இத்தனை வருஷமாகியும் இந்த அறியாமை என்னை விட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வெற்றி பெற்றவன் தூங்குகிற மாதிரி தூங்கினேன். இருட்டுகிற நேரத்தில் எழுந்தபோது வண்டி அதே இடத்தில் நின்றது. அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

திங்கட்கிழமை காலை, கைப்பையும் சாப்பாட்டு டப்பாவுமாக வந்து நின்றாள்.

"கடைசியா ஒரு தடவை பாத்துடலாங்க. சத்தம் இருந்தா நான் பஸ்ல போறேன். இல்லன்னா வண்டி எனக்கு. சர்வேயர் சார் சாட்சி."

தீர்ப்பை நானே சொல்லப்போகிற வழக்கு. எனக்கென்ன பயம்? வேகத்தடைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். சர்வேயர் பின்னால் நின்றார். வண்டி ஏறி இறங்கியது. பூனை மெத்தையில் நடந்த மாதிரி. ஒரு சிறு முனகல்கூட இல்லை.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கடக்குன்னுதானா?"

"ஒண்ணு இல்ல, ரெண்டு கடக். முந்தாநாளைவிட அதிகம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் சர்வேயர்.

"உங்களுக்கு வயசாச்சு சார். என் காது மேல சத்தியம். புஷ் போயே போச்சு."

மனைவி வண்டியை நிறுத்திவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே துருப்பிடித்த, வளைந்த தகடுகள் சில இருந்தன.

"பேட் ஆடாமப் பிடிச்சிருக்கிற கிளிப்பாம். தேஞ்சு போச்சு. நேத்து நீங்க குறட்டை விட்டுக்கிட்டிருந்தப்போ மெக்கானிக்கிட்டப் போய் மாத்திட்டேன். புஷ்ஷையும் பாக்கச் சொன்னேன். புதுசு மாதிரி இருக்காம். அப்புறம் சர்வேயர் சார உக்கார வச்சு ஊர்ல இருக்கிற மேடு பள்ளம் எல்லாத்துலயும் ஏத்தி இறக்கினேன்."

"ஒரு இடத்துலயும் சத்தமில்ல" என்றார் சர்வேயர், ஆகாயத்தை அளந்தபடி.

"அப்ப எனக்கு எப்படிக் கேட்டுச்சு?" என்று இழுத்தேன்.

"அதான் எனக்கும் கவலை. இல்லாத சத்தம் கேட்டுச்சுன்னா, ஒண்ணு காதுல கோளாறு, இல்ல வாயில பொய். நீங்க பொய் சொல்ற ஆளா?"

"சேச்சே!"

"அப்ப காதுதான். காது டாக்டர்கிட்ட இன்னைக்கு மத்தியானத்துக்கு நேரம் வாங்கியிருக்கேன். காது சரியில்லாம வண்டி ஓட்டுறது ஆபத்துங்க. எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். நீங்க முக்கியம். பஸ்லயே போய்ட்டு வாங்க."

வண்டி சத்தமில்லாமல் வேகத்தடையைத் தாண்டிப் போயிற்று.

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் என் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டி, கீச்சென்றும் கொர்ரென்றும் என்னென்னவோ கேட்க வைத்தார். எல்லாமே கேட்டுத் தொலைத்தது.

"பிரமாதமான காது சார். பக்கத்து அறையில ரகசியம் பேசினாலும் உங்களுக்குக் கேக்கும்."

எனக்கு வியர்த்துவிட்டது. காது நன்றாயிருந்தால் வாய் பொய் என்றாகிவிடும். அதைச் சாயங்காலம் வீட்டில் எப்படிச் சொல்வது? சர்வேயர் மூலமாகத் தெரு முழுக்க அல்லவா போய்விடும்? வண்டி போனால் போகிறது. மானமாவது மிஞ்சட்டும். நாற்காலியை டாக்டர் பக்கம் நகர்த்தினேன்.

"டாக்டர், கொஞ்சம் கோளாறுன்னே சொல்லிடுங்களேன். சின்னதா, இடது காதுல மட்டும் போதும்."

டாக்டர் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்க இப்படிக் கேப்பீங்கன்னு உங்க மிசஸ் சனிக்கிழமை நேரம் வாங்கும்போதே சொல்லிட்டாங்க சார்."