பின்னால் நின்று கைகாட்ட ஓர் ஆள் தேவை

வில்பர், நெப்ராஸ்கா
மே 12, செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள அல்பீனா அக்காவுக்கு, தம்பி லூமிர் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நான் சுகம். டோரீனும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது, பூனை சாப்பிடுகிறதா என்பதையெல்லாம் பதில் கடிதத்தில் விவரமாக எழுது. போனில் பேசியிருக்கலாமே என்பாய். டோரீன் இப்போதெல்லாம் புருஷன் பக்கத்தை விட்டு நகருவதே இல்லை, எங்கே பேசுவது? அதனால் கொட்டகையில் பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். விஷயம் இதுதான். ஜூலை பதினாலாம் தேதி நீ எங்களோடு கொலராடோவுக்கு வர வேண்டும். நாங்கள் புதிதாக வாங்கிய நடமாடும் வீட்டு வண்டியைப் பின்னோக்கி நிறுத்தும்போது பின்னால் நின்று கைகாட்ட ஓர் ஆள் வேண்டும். மூன்று பிள்ளைகளையும் ஒரு புருஷனையும் கையசைவிலேயே வளர்த்தவள் நீ. உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை.

எல்க்ஹார்ன் பள்ளத்தாக்குக்குப் போகலாம், போகலாம் என்று நானும் டோரீனும் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். மூன்று பக்கமும் மலை, நடுவில் ஏரி, விடியற்காலையில் தண்ணீர் குடிக்க மான் கூட்டம். அந்தக் காலண்டர் படத்தை அவள் இன்னும் பிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது தட்டிப்போகும். இந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவளே ஆரம்பித்தாள். "லூமிர், இந்த வருஷமே போயிடணும். இனிமே தள்ளிப்போடக் கூடாது" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை. மலைக்கூடாரத் தளத்துக்கு ஆறு மாதம் முன்னதாக, காலை சரியாக எட்டு மணிக்குப் பதிவு திறக்கும், எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு எல்லாம் காலி என்பது ஊரறிந்தது. ஜனவரிக் குளிரில் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஏரியைப் பார்த்த எட்டாம் எண் தளத்தை என் கையாலேயே அழுத்தினேன். வந்த சீட்டில் மூன்றாம் எண், கழிப்பறைக்கு அடுத்தது! கம்ப்யூட்டர்காரர்களுக்கு மூன்றுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, நாடு எங்கே உருப்படும்?

அதுகூடப் போகட்டும். மார்ச்சில் வண்டி வந்தது. முப்பத்தோரடி நீளம், உள்ளே அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஒரு கோழியின் இறகைக்கூட உரசாதவன் நான். எனக்கு இதெல்லாம் ஜுஜுபி. ஆனாலும் வீட்டு வண்டிக்காரர்களின் முறை ஒன்று இருக்கிறது, அதை மீறக் கூடாது. புருஷன் ஓட்ட வேண்டும், பெண்டாட்டி பின்னால் இடது மூலையில் நின்று கைகாட்ட வேண்டும். சமையலறை மேசையில் உட்கார்ந்து காகிதத்தில் படம் போட்டோம். கையைத் தன் பக்கம் அசைத்தால் வா, ஒரு பக்கம் நீட்டினால் அந்தப் பக்கம் திருப்பு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் நிறுத்து. கோழி கிறுக்கின மாதிரி இருந்தாலும் இரண்டு பேரும் மனப்பாடம் செய்தோம்.

முதல் நாள், நம் வீட்டு வாசலிலேயே, தபால்பெட்டி இடிபட்டுப் போயிற்று. கண்ணாடியில் பார்க்கிறேன், டோரீன் தேமே என்று நிற்கிறாள், கை இரண்டும் காணோம். இறங்கிப்போய், "ஏன்டி, நிறுத்துன்னு காட்டக் கூடாதா?" என்றேன். "ரெண்டு கையையும் தூக்கிட்டுத்தானே நின்னேன், கத்தவும் கத்தினேனே!" என்றாள். பொய் சொல்கிற பெண்ணில்லை அவள், அதனால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாயிற்று. இரண்டாம் நாள் எதிர்வீட்டு ஹார்லன் மடக்கு நாற்காலியோடு வந்து புல்தரையில் உட்கார்ந்துவிட்டான். அடுத்தவன் வண்டி நிறுத்துவதை வேடிக்கை பார்ப்பதும் கூடாரத் தளத்து வழக்கம்தான், ஆனால் நாங்கள் இன்னும் ஊரை விட்டே கிளம்பவில்லையே! "டிக்கெட் எவ்வளவு லூமிர்?" என்றான். மூன்றாம் நாள் அவன் பெண்டாட்டி பாப்பிவிதை வைத்த கொலாச்சி பன்னும் காப்பியுமாக வந்தாள். அன்றைக்கு அவர்கள் வேலியே போயிற்று. வேலி விழுந்த பிறகும் ஹார்லன் எழுந்திருக்கவில்லை. "இவ்வளவு கிட்ட உக்காந்து நான் எதையும் பார்த்ததில்ல" என்றான், படவா.

தெரு வேண்டாம் என்று மாதாகோயில் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனோம். ஆரஞ்சு நிறக் கூம்பு ஆறு வைத்தோம், ஆறும் சப்பை. அதற்குப் பின்னால் நின்ற வெள்ளிக்கிழமை மீன் விருந்து அறிவிப்புப் பலகையும் சாய்ந்தது. ஃபாதர் மரெக் வெளியே வந்து பார்த்தார். "ஃபாதர், இவ சரியா கைகாட்டல" என்றேன். அவர் பலகையைத் தூக்கி நிறுத்திக்கொண்டே, "லூமிர், இந்தப் பலகை இருபது வருஷமா இங்கதான் நிக்குது. இதுக்கும் கைகாட்டணுமா?" என்றார். டோரீன் என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. வண்டிக்குள் ஏறி என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அக்கா எனக்குப் பொறி தட்டியது.

டோரீனுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைக்காதே, நான் மூன்று வாரமாகக் கவனித்துவிட்டுத்தான் சொல்கிறேன். தெருவைக் கடக்கும்போது என் இடது முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள், முன்பெல்லாம் எனக்குப் பத்தடி முன்னால் போகிறவள். வீட்டு விளக்கு எல்லாவற்றையும் மாற்றிப் பெரிய விளக்காகப் போட்டுவிட்டாள், கண் கூசுகிறது. சாப்பாட்டுக் கடையில் பட்டியலைச் சத்தமாகப் படிக்கிறாள், தனக்கு இன்னும் படிக்க வருகிறதா என்று சோதித்துப் பார்க்கிறாள் போலிருக்கிறது, பாவம். காப்பிக் கோப்பையை எப்போதும் என் வலப்பக்கமாகவே வைக்கிறாள், இடம் வலம் குழம்பிவிட்டது. கண்ணைப் பற்றி நான் ஜாடையாகப் பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கண் நிறைந்துவிடுகிறது. இந்த வருஷமே போயிடணும் என்று அவள் ஏன் சொன்னாள் என்று இப்போது புரிகிறதா? கண் இருட்டுவதற்குள் அந்தப் பள்ளத்தாக்கை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதை வாய்விட்டுச் சொல்லக்கூட மனமில்லை. நான் அவளைப் பார்த்து நடுத்தெருவில், கொலாச்சி தின்கிறவர்கள் முன்னால், கத்தினேன். நேற்று இந்தக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன் அக்கா. அறுபத்தெட்டு வயதுக்காரன் அழுதான் என்று யாரிடமும் சொல்லாதே.

அதனால் நான் ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அவளுக்கு என்றால் வரமாட்டாளே! "எனக்குத்தான் சோதனை, சும்மா துணைக்கு வா, அப்படியே நீயும் ஒரு தரம் காட்டிக்கோ" என்று நைசாகச் சொன்னேன். உடனே சரி என்றாள். அவளே போய்க் காலண்டரில் வட்டம் போட்டாள். எப்படி ஏமாந்தாள் பார்! நீ ஜூலை பன்னிரண்டாம் தேதியே இங்கே வந்துவிடு. உனக்கு மலை பார்க்க ஆசை என்று சொல்லிக்கொள், அவள் மனம் புண்படக் கூடாது. பள்ளத்தாக்கில் நீ கைகாட்டு, நான் நிறுத்துகிறேன். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏரியைப் பார்க்கட்டும், கழிப்பறைக்குப் பின்னால் ஒரு மூலையிலாவது தெரியும். இனி ஒரு வார்த்தை அவளைச் சொல்லமாட்டேன், இது சத்தியம்.

உன் முழங்காலைக் கர்த்தர் தாங்கட்டும், பூனைக்குப் பசியெடுக்கட்டும், உன் வீட்டுத் தபால்பெட்டி நெடுநாள் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி
லூமிர் குபிசெக்

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை: தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் சட்டைப்பையிலேயே கிடந்தது. கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். நேற்று டாக்டரிடம் போனோம். டோரீன் கடைசி வரி எழுத்து வரைக்கும் கடகடவென்று படித்தாள். என் இடது கண்ணில்தான் பார்வை முக்கால்வாசி போய்விட்டதாம். போனது திரும்பாதாம். வலிக்கவும் வலிக்காதாம், தெரியாத இடத்தை மூளையே ஏதோ இட்டு நிரப்பிக் காட்டிவிடுமாம். வலது கண்ணைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்கிறார், ஆனால் இப்போதைக்கு உறுதி சொல்லமாட்டாராம். வீட்டுக்கு வருகிற வழியில், "உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன். "கிறிஸ்துமஸ்லேயே தெரியும். சொன்னா நம்புவியா? முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன்னு ஆரம்பிச்சிருப்ப" என்றாள். அவளாகவே போன் போட்டு, யாரோ விட்டுக்கொடுத்த எட்டாம் எண் தளத்தை ஏப்ரலிலேயே வாங்கி வைத்திருக்கிறாள். "அந்த ஏரிய நீ பாக்கணும் லூமிர், அதுக்குத்தான் இவ்வளவும்" என்றாள். மேலே நான் எழுதியது ஒன்றையும் நம்பாதே. முழங்காலைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இரு, கைகாட்ட நீ வர வேண்டாம். இனி அவள்தான் ஓட்டுகிறாள். அவளுக்கு வலப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் என் நல்ல கண் சன்னல் பக்கம் இருக்கும், போகிற வழியில் மலையும் அந்தப் பக்கம்தான் என்று வரைபடத்தில் பார்த்து வைத்திருக்கிறாள். இன்று காலை வாசலில் பழகிப் பார்த்தோம். பின்னால் இடது மூலையில் நான் நின்றேன், ஹார்லன் நாற்காலி போட்டிருந்தான். புதுத் தபால்பெட்டிக்கு ஒரு முழம் இருக்கும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். வண்டி அந்த இடத்திலேயே நின்றது. ஹார்லன் நாற்காலியை மடக்கிக்கொண்டு போனான். நான் கையை இறக்கவில்லை அக்கா. இத்தனை நாளும் அவள் இங்கே இப்படித்தான் நின்றிருக்கிறாள்.