சோப்பு போட்டீங்களா கண்ணு?

நான் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிக்கொடுத்துவிடுவேன். (காபி போடக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் டீக்கு மாறிவிட்டார்.)

மகள் யாழினிக்கு ஆட்டிசம். ஏழு வயதில் தானாகப் பாத்ரூம் போய்வரப் பழகிவிட்டாள். கை கழுவுவது மட்டும் வரவில்லை. "பாராட்டிப் பழக்குங்க" என்றார் பயிற்சி டீச்சர். நாங்கள் திருவிழாவே நடத்தினோம். அவள் பார்த்துப் படிக்கட்டும் என்று பெரியவர்களும் களத்தில் இறங்கினோம். பாத்ரூமிலிருந்து யார் வந்தாலும் ஒருவர் மறித்து, "சோப்பு போட்டீங்களா கண்ணு?" என்று கேட்க வேண்டும். (எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கும் மரியாதைதான்.) வந்தவர் கையை நீட்ட, முகர்ந்து பார்த்து, வாசம் வந்தால் எல்லோரும் கைதட்ட வேண்டும். மில்லில் சூப்பர்வைசராக இருந்த என் மாமனாரே கைதட்டல் வாங்கித்தான் வெளியே வந்தார். யாழினி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையோடு பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பள்ளிக்குப் போனோம். மற்ற பள்ளிகளெல்லாம் கைவிரித்துவிட்டன. இந்தத் தாளாளர்தான், "பாத்ரூம் போய்வரத் தெரிஞ்சாச் சேத்திக்கலாமுங்க" என்று போனில் சொல்லியிருந்தார். இதுவும் போனால் வேறு கதியில்லை. அவர் அறையில் நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.

உள்ளேயிருந்த பாத்ரூமிலிருந்து தாளாளர் வந்தார். வெள்ளை வேட்டி, தங்க வாட்ச். நாங்கள் எழுந்து கும்பிட்டோம். யாழினி நேராகப் போய் மறித்தாள்.

"சோப்பு போட்டீங்களா கண்ணு?"

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் சிரித்தார். "போட்டனுங்க அம்மணி."

அவள் கையைப் பிடித்து முகர்ந்தாள். கைதட்டவில்லை.

"வாசம் இல்ல."

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க சார், அது ஊட்ல பழக்குனதுங்க..." என்று நான் உளறுவதற்குள் அவரை உள்ளே இழுத்துப் போய்விட்டாள். குழாய்ச் சத்தம் கேட்டது. அது நிற்கிற வழியாய் இல்லை. "வா, எடமில்லேன்னு அவங்களாச் சொல்றதுக்குள்ள கெளம்பீரலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்புறம் கைதட்டல் கேட்டது. (பழக்கதோஷத்தில் நானும் தட்டித் தொலைத்தேன்.)

முழங்கை வரை ஈரத்தோடு வந்த தாளாளர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. "திங்கக்கெழமையிலிருந்து அனுப்பிச்சுடுங்க" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

போன மாதம் தாளாளர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். டீ குடித்துவிட்டு, "பாத்ரூம் எங்கீங்க?" என்று எழுந்தவர், அதன் கதவருகே யாழினி நிற்பதைப் பார்த்தார்.

"பரவால்லீங்க, நான் ஊட்டுக்கே போய்க்கறனுங்க."

எங்கள் வீட்டில் யார் எதிலிருந்து நழுவப் பார்த்தாலும் இப்போது அதைத்தான் சொல்கிறோம்.