ஜன்னலோர மூலையும் ஒரு கன்டெய்னரும்

மாலைக்குள் அந்தக் கிழட்டுக் கணினி ஜன்னலோர மூலையைக் காலி செய்தாக வேண்டும். அங்கே என் சாய்வு நாற்காலி அமர்ந்தாக வேண்டும். காலைக் காப்பி ஆறுவதற்குள் இச்சபதத்தை எடுத்துவிட்டேன்.

கணினி என் மனைவியுடையது. அவள் தையற்கலைஞர். உடலளவுகளைத் தட்டினால், துணி வெட்டுவதற்கான பேட்டர்னை அச்சிட்டுத் தரும் பழைய நிரலொன்று அதற்குள் குடியிருந்தது. புதிய கணினி எதிலும் அது ஏற மறுத்தது. “ரொம்ப மெதுவா ஓடுதுங்க” என்று அவள் சில வாரங்களாகவே பெருமூச்செறிந்துகொண்டிருந்தாள். நானோ மென்பொருள் பொறியாளன். சும்மா இருப்பேனா?

“அதுல இருக்கிற மொத்தக் கோப்பையும் ஒரே மூட்டையாக் கட்டுவேன். அந்த மூட்டையை ஒரே கட்டளையில இமேஜ் ஆக்குவேன். இமேஜ்ங்கறது அச்சு மாதிரி. அதை ஓட விட்டா கன்டெய்னர். உன் ப்ரோக்ராம், பழைய வீட்டுலதான் இருக்கோம்னு நினைச்சுக்கிட்டு உன் லேப்டாப்ல ஓடும்.”

“ஏமாத்தப் போறீங்களா?”

“ப்ரோக்ராமைத்தான்.”

“சாயங்காலத்துக்குள்ள முடியுமா?”

“மதியமே முடியும்!”

“முடிஞ்சா பழசைத் தூக்கிடலாம். முடியலைன்னா அந்த நாற்காலிப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

பழைய கணினியின் கோப்புகள் அனைத்தையும் மடிக்கணினியில் ஒரு ஃபோல்டருக்குள் இறக்கினேன். மூட்டை கட்டினேன். இமேஜ் பிறந்தது. நிரலின் பெயரைச் சொல்லி எழுப்பினேன். ‘அப்படியொரு கோப்பே இல்லை’ என்றது கருந்திரை.

ஃபோல்டருக்குள் இருந்தவற்றை மட்டும் கட்டாமல், ஃபோல்டரையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். ஆகவே எல்லாக் கோப்புகளும் இருக்க வேண்டிய இடத்திற்கு ஒரு படி உள்ளே ஒளிந்துகொண்டிருந்தன. மனைவியிடம் விளக்கினேன்.

“சாமானை எடுத்துட்டு வாங்கன்னா, சுவரையும் பேர்த்து எடுத்துட்டு வந்திருக்கீங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் கட்டினேன். இம்முறை வெறுமனே ‘எழுந்திரு’ என்றேன். ‘எழுந்து என்ன செய்வது?’ என்னும் பொருளில் ஒரு பிழைச்செய்தி வந்தது. மூட்டையில் கோப்புகள் வரும். எழுந்ததும் செய்ய வேண்டிய வேலை எதுவென்னும் குறிப்பு வராது. இமேஜ் ஆக்கும்போதே அதை நாம் சொல்லியாக வேண்டும்.

“இப்ப என்னங்க?”

“எல்லா உறுப்பும் சரியா இருக்கு. யாராவது வேலை சொன்னாத்தான் எழுந்திருக்கும்.”

“கம்ப்யூட்டரைத்தானே சொல்றீங்க?”

கட்டளையின் நடுவே அக்குறிப்பைச் செருகி மூன்றாம் முறை தட்டினேன். நிரல் கண் விழித்தது! அளவுகளைக் கேட்டது! அச்சுப்பொறி முனகியது; ஒரு ரவிக்கையின் முதுகுப்பகுதி வெளியே வந்தது. மனைவி டேப்பை வைத்து அளந்தாள், நூலிழையும் பிசகவில்லை.

“சபாஷ்ங்க!”

அச்சொல்லைக் கேட்ட மார்பு சட்டைக்குள் அடங்கவில்லை. கிழட்டுக் கணினியை நானே சுமந்து பரணில் ஏற்றினேன். மூலையை நானே பெருக்கினேன், நானே துடைத்தேன். பின்கட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், வாசலில் ஓர் ஆள். அவர் பக்கத்தில் இடுப்புயரப் பெட்டி.

“என்ன இது?” என்று மனைவியைக் கேட்டேன்.

“ஓவர்லாக் மெஷின். துணி ஓரம் பிரியாமத் தைக்கும். இன்னைக்குச் சாயங்காலம் அனுப்பறேன்னு கடைக்காரர் சொல்லியிருந்தார்.”

“எப்பச் சொன்னார்?”

“போன மாசம். அன்னைக்குத்தான் கம்ப்யூட்டர் மெதுவா ஓட ஆரம்பிச்சது.”

“அப்ப அந்த மூலை? நீதானே சொன்னே...”

“பழசைத் தூக்கிடலாம்னு சொன்னேன். நாற்காலி போடலாம்னு சொன்னேனா?”

காலையில் நடந்த உரையாடலை நினைவில் முழுவதுமாக ஓட்டிப் பார்த்தேன். சொல்லவில்லை.

நாற்காலியை அணைத்தபடி நடுவீட்டில் நின்றேன். எல்லா உறுப்பும் சரியாகத்தான் இருந்தன.

“அதைக் கீழ வெச்சிட்டு, அந்தப் பக்கம் பிடிங்க” என்றாள் மனைவி.

வேலை சொல்லியாகிவிட்டது; உடனே ஓடத் தொடங்கினேன்.