சூளையில் வெந்த இங்கிலீஷ்

ஐப்பசி பிறந்து, விருத்தாசலத்தின்மேல் கார்முகில் கவிந்து நின்றது. மணிமுத்தாற்றில் செந்நீர் கரைதொட்டு மெல்ல நகர்ந்தது. பழமலைநாதர் கோபுரத்துப் புறாக்கள், ஓதுவார் பாடும் பதிகத்துக்குச் செவி கொடுப்பனபோல் சிறகொடுக்கி அமர்ந்திருந்தன. எங்கும் ஈரம். செராமிக் பொம்மைகள் காய மறுத்தன. சூளைகள் தீயின்றித் தவம் கிடந்தன. தவம் இயலாத மானிடர் மட்டும் கைப்பேசியை எடுத்து ரீல்ஸ் பார்த்தனர்.

அந்த ரீல்ஸில்தான் எழுந்தருளினார் ஆங்கிலச் சித்தர். பூர்வாசிரமத்தில் அவர் சேத்தியாத்தோப்பில் ரீசார்ஜ் கடை வைத்திருந்த பச்சமுத்து. "கிராமர் படிச்சவன் பேச மாட்டான்; அருளைக் குடிச்சவன் நிறுத்த மாட்டான்!" என்பது அவர் அருளிய மறைமொழி. ஒரு பீங்கான் கிண்ணத்தில் முக்காலங்களையும் ஆங்கிலத்தில் எழுதிச் சூளையில் வைப்பார். பக்தர் தம் இலக்கணப் புத்தகத்தை அதே தீயில் இட வேண்டும். இலக்கணம் வெந்து கிண்ணத்தில் இறங்கும். அதில் பால் குடித்தால் இங்கிலீஷ் தொண்டையில் இறங்கும்.

வேற்றூரில் சிரித்திருப்பார்கள். இவ்வூரிலோ, எழுதிச் சுட்டது எத்தனை தேய்த்தாலும் அழியாது என்பது பாத்திரம் துலக்கும் கைகளுக்கெல்லாம் தெரியும். ஆதலால் தலைகள் ஆடின. தட்டிலும் கிண்ணத்திலும் கண்ட உண்மையைத் தலைக்குள்ளும் ஏற்றிக்கொண்டார்கள். அங்கே இடம் நிறைய இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தர் இவ்வூர்ச் சூளைக்கே எழுந்தருளியபோது, பொம்மைகளுக்குக் கண் எழுதும் கயல்விழியும் வரிசையில் நின்றாள். மறுநாள் புதுச்சேரி ஏற்றுமதி அலுவலகத்தில் அவளுக்கு நேர்காணல். ஆங்கிலத்தில் பேச வேண்டும். வேலை கிடைத்தால் சூளை வெக்கையில் வேகும் தாய்க்கு விடுதலை. மாதக்கணக்காக இலக்கணம் படித்தும் அவள் வாய் மட்டும் திறக்கவில்லை.

"படிச்சுப் படிச்சு இன்னாத்தக் கண்ட? ஒரு வார்த்த பேசுனியா? கூடையில போடுடி" என்றாள் தாய் சொர்ணாம்பாள்.

ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு நிறைந்த புத்தகத்தைக் கயல்விழி, தீக்கிரையாகும் நூல்கள் குவிந்த கூடையில் வைத்தாள். வைத்த கை திரும்ப மறுத்தது.

சூளை வாயிலில் தீமூட்டும் முன் சான்று காட்டப்பட்டது. முன்பே அருள் குடித்தவராம், நல்லூரில் ஆடு மேய்க்கும் கொளஞ்சியப்பன் கண்மூடி, முன்பு சுட்ட கிண்ணம் ஒன்றை வாயோடு ஒட்டி நின்றார். ஒலிபெருக்கியில் ஆங்கிலம் மடைதிறந்தது. "குட் மார்னிங், மை டியர் ஃப்ரெண்ட்ஸ்!" பொழுது சாயும் நேரம். அருள் கடிகாரம் பார்ப்பதில்லை.

கயல்விழியின் தோழி சபா, வெளிநாட்டிலிருக்கும் அத்தாவிடம் தினமும் வீடியோவில் பேசுபவள். பேசும் வாயைப் பார்த்துப் பழகியவள். "ஏன்டி, எதுக்கு இவரு வாய மூடிக்கிட்டே பேசுறாரு?" என்றவள் குரலை உயர்த்தினாள்.

"சாமி! கிண்ணத்த எடுத்துட்டு ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க."

"கிண்ணம் வெலகுனா அருள் வெலகிடும் தாயீ."

"வெலக வேணாங்க. கிண்ணம்னா குடிக்கத்தான? பால ஊத்துறேன். குடிச்சுக்கிட்டே பேசட்டும்."

சித்தர் தாடியைத் தடவினார். மறுத்திருப்பார், பக்தர்கள் விடவில்லை. "ஊத்தும்மா! அருள்பாலுதான!" என்று பெண்ணாடத்திலிருந்து டிராக்டரில் வந்த கூட்டம் ஆர்த்தது.

சபா டீக்கடைப் பாலைக் கிண்ணத்தில் சாய்த்தாள். கொளஞ்சியப்பனின் தொண்டை மடக் மடக்கென ஏறி இறங்கியது. ஆங்கிலமோ கமா, ஃபுல்ஸ்டாப் பிசகாமல் ஓடியது.

"பார்றா! குடிச்சுக்கிட்டே பேசுறாருடா!" என்று கரும்பு விவசாயி ஆதிநாராயணன் சேற்றிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பொய்க்குச் சான்று கண்முன்னே கூத்தாடினாலும் அதையும் கும்பிட நம்மவரால் முடியும்.

பாலுக்குப் பக்தி இல்லை, புரையேறியது. கிண்ணம் நழுவிச் சுக்கல் ஆனது. "யப்பா! தண்ணி! தண்ணி குடுங்கடா!" என்று கொளஞ்சியப்பன் தூய தமிழில் அலறினார். ஒலிபெருக்கி அவர் இருமலைப் பொருட்படுத்தாமல் தன் கடமையைத் தொடர்ந்தது: "நவ், ஓப்பன் யுவர் கிராமர் புக். ரீட் அலௌட். டோன்ட் பி அஃப்ரைட்."

"இன்னாடி சொல்லுது அது?" என்றாள் சொர்ணாம்பாள்.

"கிராமர் புக்கத் தொறந்து சத்தமா படிக்கச் சொல்லுதும்மா. பயப்படாதன்னு சொல்லுது."

"ஒனக்குப் புரியுதா?"

கயல்விழி திகைத்தாள். புரிந்தது! எந்தக் கிண்ணத்திலும் குடிக்காமலே புரிந்தது. கூடையிலிருந்து புத்தகத்தை உருவி மார்போடு அணைத்துக்கொண்டு, காவிக்குள் கைப்பேசி மினுங்கும் சித்தர்முன் போய் நின்றாள்.

"சார், ஆர் யூ ஸ்பீக்கிங், ஆர் யுவர் ஃபோன் ஸ்பீக்கிங்?"

சரியோ பிழையோ, வாய் திறந்துவிட்டது. சித்தர் காவிக்குள் கைவிட்டுக் கைப்பேசியைத் தட்டினார்; தாம் அறிந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி, "நோ... நெட்வொர்க்!" என்றார். அதன்பின் அவரைக் கண்டது அவருடைய மோட்டார் சைக்கிள் மட்டுமே.

கூட்டம் கூடையில் பாய்ந்து அவரவர் புத்தகத்தைத் தேடியது. ஆதிநாராயணன் சேற்றைத் துடைத்தபடி, "ஃபிரெஞ்சுக்கு யாருன்னா நல்ல சித்தர் இருக்காங்களாம்மா?" என்று சபாவிடம் விசாரித்தார்.

அந்தி சாயப் பழமலைநாதர் சன்னதியில் தாயும் மகளும் நின்றனர். கயல்விழி ஓர் அகல் ஏற்றினாள். ஆங்கிலம் தா என்று கேட்கவில்லை. கேட்கச் செவியும் பேச நாவும் தந்தவனுக்குக் கைகூப்பினாள். சொர்ணாம்பாள் மகள் நெற்றியில் திருநீறு இட்டாள்.

தலையை இறைவன் நமக்குத் தாழ்த்துவதற்கென்று மட்டும் தரவில்லை. அதைச் சிந்திக்கவும் செலவிடுவோர் நீடு வாழ்க! இதுவரை செலவிடாதோரும் வாழ்க. அவர்கள் தலை புத்தம் புதிதாகவே இருக்கிறது, நாளைக் காலை தொடங்குக!