துரை வேனின் கண்ணாடியும் பொறுங்க பாஸும்

ஹட்டனுக்கு வரும் ரயில்கூட வருஷத்தில் நாலு நாள் நேரத்துக்கு வந்துவிடும். பொறுங்க பாஸ் ஒரு வேலையை நேரத்துக்கு முடித்ததாக இலங்கை மலைநாட்டில் எவரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவர் முடித்துக் கொடுத்த வேலை மறுபடி கெட்டுப்போனதாகவும் எவரும் சொல்ல முடியாது. இந்த இரண்டாவது விஷயத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்ட பாவி நான்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கராக இருந்தேன். பாஸின் சொந்தப் பெயரைத் தினமும் செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டில் எழுதியவன் நான். ஆனாலும் அவரை அந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் "பொறுங்க" என்பதுதான் அவருடைய முதல் பதில்; கைவேலைக்காரரைப் பாஸ் என்பது எங்கள் ஊர் வழக்கம்.

"பாஸ், தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

"பொறுங்க."

"பாஸ், கால்ல அட்டை ஏறுது!"

"பொறுங்க. அது வந்த வேலைய முடிச்சிட்டுத் தானா விழும்."

கல்யாணத்தன்று கெட்டிமேளம் கொட்டியபோதும் "பொறுங்க" என்று சொல்லி, தாலிக் கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முறுக்கு சரியில்லை என்று வேறு கயிறு கேட்டாராம். அவருடைய மனைவியே சிரித்துக்கொண்டு சொன்ன கதை. அதனால் பொய்யாக இருக்காது.

தேயிலை அரைக்கும் ஃபாக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். பேருக்கு அங்கே அடுப்பில் விறகு தள்ளுவதுதான் அவருக்கு வேலை. நிஜத்தில், தோட்டத்தில் ஓடுகிற, சுற்றுகிற, சத்தம் போடுகிற எது நின்றாலும் அவரிடம்தான் வரும். கோயில் மணியின் நாக்கு முதல் ஸ்டோர் அதிகாரியான டீமேக்கர் வீட்டு ரேடியோ வரை அவர் கைபட்டுத்தான் பேசின.

அந்தச் சமயத்தில் தோட்டத்தை நடத்தச் சீமையிலிருந்து புதிய துரை வந்திருந்தார். ஆறு மாதத்தில் அவர் கற்றுக்கொண்ட தமிழ் மூன்று வார்த்தை: வா, போ, சீக்கிரம். முதல் இரண்டால் தொந்தரவில்லை. மூன்றாவது வார்த்தையும் எங்கள் பாஸும் ஒரே தோட்டத்தில் இருப்பது நடக்கிற காரியமா?

துரை கொழும்பிலிருந்து ஒரு பழைய அமெரிக்க வண்டியை வாங்கி வந்தார். ஊருக்குத் திரும்பிப்போன யாரோ வெள்ளைக்காரர் விற்றது. பின்பக்கம் நீளமாக, எட்டுப் பேர் உட்காரலாம்போல இருந்ததால் எங்களுக்கு அது வேன். அதன் அதிசயம் கண்ணாடி. கைப்பிடியைச் சுற்ற வேண்டியதில்லை, பொத்தானை அழுத்தினால் தானாக ஏறும், தானாக இறங்கும். முதல் நாள் அதைப் பார்க்க நின்ற கூட்டத்தில் அரை நாள் கொழுந்து பறிப்பு நின்றுபோயிற்று.

ஆனி மாதத்து மழை தொடங்கிய வாரமே இடப்பக்க முன் கண்ணாடியின் மோட்டர் கருகியது. கண்ணாடி கதவுக்குள் விழுந்து படுத்துக்கொண்டது. அந்த இடத்தில்தான் துரையின் ஐந்து வயது மகள் உட்கார்ந்து போவாள். புது மோட்டர் கப்பலில்தான் வர வேண்டும், மாதக்கணக்காகும் என்று கொழும்பிலிருந்து சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் துரை, கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை வாங்கி ஜன்னலில் கட்டினார்.

"என்னாடி, தொர வேனும் கொழுந்தெடுக்கப் பேரு பதிஞ்சிருச்சா? நாளைக்கு எந்த மலையில கொழுந்து?" என்று பெண்கள் கேட்டுச் சிரித்தது பங்களா வரை கேட்டது.

அப்போதுதான் பாஸ் ஆபீஸ் படியேறி வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் அவசரத்தைப் பார்த்தேன்.

"கிளாக்கர் ஐயா, ஸ்டோர் மெக்கானிக்கு வேலை காலியா இருக்குதாமே. அதுக்குத் தனி வீடு குடுப்பாங்களாமே."

"ஆமா பாஸ். ரெண்டு அறை."

"ஜன்னல் இருக்குதுங்களா?"

"ரெண்டு ஜன்னல்."

அவருடைய மனைவிக்கு மூச்சிழுப்பு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவர்களுடைய காம்பரா என்ற ஒற்றை அறைக்கு ஒரே கதவு, ஜன்னலே கிடையாது. அதற்குள்ளேதான் அடுப்பு. மழைக்காலத்தில் கதவையும் சாத்திவிட்டால் புகை போக வழியில்லை.

"அவ மூச்சு விட ஒரு ஜன்னல் வேணுங்க. அந்தக் கண்ணாடிய நான் ஏத்திக் காட்டுனா, தொர எனக்கு அந்த வேலையக் குடுப்பாருங்களா?"

துரையிடம் சொன்னேன். செய்து காட்டட்டும், பார்க்கலாம் என்றார். "சீக்கிரம்!" என்று தமிழில் வேறு சேர்த்துக்கொண்டார்.

பாஸ் ஸ்டோருக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த லொறியிலிருந்து வைப்பர் மோட்டரைக் கழற்றினார். மழைத் தண்ணீரைத் துடைக்கிற மோட்டருக்குக் கண்ணாடியைத் தூக்கும் உத்தியோகம். இரண்டாம் நாள் வெள்ளோட்டம் விட்டார். கண்ணாடி ஏறியது. ஏறிய கண்ணாடி இறங்கியது. இறங்கியது மறுபடி ஏறியது. வைப்பர் புத்தி போகுமா? பொத்தானை விட்ட பிறகும் அது பாட்டுக்கு ஏறி இறங்கிக் கும்பிடு போட்டுக்கொண்டே இருந்தது. பங்களா நாய் அதைப் பார்த்துக் குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிப்போயிற்று.

"பொறுங்க. பழைய வேலைய மறக்க அதுக்கு ரெண்டு நாளு வேணும்."

நான்காம் நாள் கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டது. சொன்னால் ஏறியது, சொன்னால் நின்றது. அத்துடன் விட்டிருந்தால் அவர் பொறுங்க பாஸ் அல்ல. மடியிலிருந்து ஒரு நுவரெலியா கரட் கிழங்கை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். கரட் இரண்டு துண்டானது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். பாஸின் முகம் மட்டும் செத்துப்போயிற்று. வேலையை முதலிலிருந்து தொடங்கினார்.

ஸ்டோர் எந்திரத்தின் பழைய தோல் பட்டையில் ஒரு துண்டை வெட்டி, மோட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தளர்வாக மாட்டினார். இடையில் ஏதாவது அகப்பட்டால் பட்டை வழுக்கும், கண்ணாடி நின்றுவிடும். ஒரு நாள் முழுக்கக் கரட் வைத்துப் பார்த்தார். கீறல் விழாத கரட் வந்த பிறகு, தன் கையை வைத்துப் பார்த்தார். பிறகுதான் துரையைக் கூப்பிடச் சொன்னார்.

துரை வந்து பொத்தானை அழுத்தினார். கண்ணாடி நிதானமாக ஏறி, மேலே ஒரு விரல் இடைவெளி விட்டு நின்றது. மறுபடி அழுத்தினார். பட்டை வழுக்கியது, இடைவெளி அப்படியே இருந்தது. மழைச் சாரல் அதன் வழியாக நேரே துரையின் மூக்கில் விழுந்தது. ஏன் முழுக்க மூடவில்லை என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

பாஸ் என்னிடம் சொன்னார்: "கிளாக்கர் ஐயா, தொரகிட்ட வெவரமாச் சொல்லுங்க. பாப்பா கைய வெளிய நீட்டிக்கிட்டே போகுது. லயத்துப் புள்ளைங்களும் ஓடிவந்து அந்தக் கையத் தொடுதுங்க. பட்டைய இறுக்கிட்டா முழுசா மூடிரும், ஆனா புள்ள வெரலு கரட்டு மாதிரி ஆயிரும். அதுக்குத்தான் தளர்த்தி விட்டேன். இப்பிடியே இருக்கட்டும். சாரலுக்கு மேல ஒரு தகரம் அடிச்சுத் தாரேன்."

எங்கள் காலத்துக் கிளாக்கர்மாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தொழிலாளி பத்து நிமிஷம் அழுது சொன்னதைத் துரையிடம் ஒரு வரியில் சொல்லுவோம். துரை அரை மணி நேரம் ஏசியதை, "தொர கோவமா இருக்காரு, போ" என்று முடித்துவிடுவோம். அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தோம். அன்றைக்கு என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் கையெழுத்துக்காகத் துரையின் மேசையில் கிடந்தது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். கத்துகிற துரைக்கு முன்னால் நின்று கரட், விரல், பட்டை என்று விளக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"முடியாதாம். மன்னிக்கச் சொல்கிறான், சார்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

துரை வேன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். மெக்கானிக் வேலை கொழும்பிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று. இரண்டு ஜன்னல் வீடும் அவருக்குத்தான். என் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. பாஸ் மறுநாள் விறகு தள்ளப் போனார்.

மூன்று மாதம் கழித்துக் கப்பலில் அசல் மோட்டர் வந்தது. புது மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் பூட்டினார். கண்ணாடி விருட்டென்று ஏறிக் காற்றுப் புகாமல் மூடியது. அந்த வாரமே வேனில் இருந்த துரையிடம் தபால் பையைக் கொடுக்க அதே ஜன்னலுக்குள் கையை நீட்டினேன். பாப்பா விளையாட்டாகப் பொத்தானை அழுத்தினாள். நான் போட்ட கூச்சல் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் வரை கேட்டதாம். டிக்கோயா ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டார்கள். ஆள்காட்டி விரல் கோணியது கோணியதுதான்.

கட்டோடு திரும்பியபோது ஸ்டோர் வாசலில் பாஸ் நின்றிருந்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிட்டேன். அடுத்த வருஷம் நுவரெலியாப் பக்கம் மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினேன்.

நாலு வருஷம் கழித்துத் தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லொறிப் பட்டறையில் அவரைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் பலகையைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

"வீட்டுல எப்படி இருக்காங்க பாஸ்?"

"அவ போயி ரெண்டு வருசமாச்சுங்க. அந்தக் காம்பராவுலதான். அதுக்கப்புறம் அங்கன இருக்கப் புடிக்கல, வந்துட்டேன்."

என்னால் அதற்கு மேல் மூடி வைக்க முடியவில்லை. "பாஸ், அன்னைக்கு நீங்க சொன்னத நான் தொரகிட்ட முழுசாச் சொல்லல."

"தெரியுங்க. நான் அம்புட்டு நேரம் பேசுனேன். நீங்க நாலு வார்த்தையில முடிச்சீங்க. இங்கிலீசு என்ன அம்புட்டுச் சின்ன பாசையா?" என்று சிரித்தார்.

"அப்பவே ஏன் பாஸ் கேக்கல?"

"கேட்டா தொர உங்க மேலதானே பாய்வாரு? வீட்டுக்குப் போயி அவகிட்ட சொன்னேன். ‘அந்தக் கிளாக்கரு சின்னப் புள்ள, இப்பத்தான் கல்யாணம் முடிச்சிருக்கு, பயந்திருக்கும். நீங்க போயி ஒண்ணும் கேட்டுறாதீங்க’ன்னா. இருமிக்கிட்டேதான் சொன்னா."

பாஸ் என் கையைப் பிடித்துக் கோணல் விரலைத் தடவிப் பார்த்தார். "மழைக்கு வலிக்குதுங்களா?" என்று கேட்டார். ஆமென்றேன். கிரீஸ் பிசுக்கைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்த விரலை நீவிவிடத் தொடங்கினார்.

நான் ஏற வேண்டிய நுவரெலியா பஸ் மூன்று போயின. எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. அன்றைக்கு அந்தப் பலகையை விட்டு எழுந்திருக்க எனக்கு மனமே வரவில்லை.