மீசையைப் பணயம் வைத்த தேர்தல்

பிள்ளைகளே, ஜெர்மனியில் எத்தனையோ மீசைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பணயமாக நின்ற மீசை ஒன்றே ஒன்றுதான். அது டோர்ட்மண்டில் என்னோடு பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்த மீசை அண்ணையுடையது.

மாவில் மயிர் விழக்கூடாது என்று நாங்கள் எல்லோரும் தலைக்கு வலை போடுவோம். அண்ணைக்கு மட்டும் மீசைக்கும் தனியாக ஒரு வலை!

ஒருநாள் அவர் பேப்பரில் ஒரு படம் பார்த்தார். பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவு நாடு. பூமிப்படத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் நாடே காணாமற்போகும். அங்கே தேர்தலில் நின்ற ஒரு வாத்தியார், சின்ன வள்ளத்தில் ஒலிபெருக்கியோடு போய்க்கொண்டிருந்தார்.

“இவர்தான் என்ர ஆள்!” என்றார் அண்ணை.

அன்றே பிரசாரம் தொடங்கிவிட்டது. மா குழைக்கிற போலந்துக்காரரிடம்கூட வாத்தியாருக்கு வாக்குக் கேட்டார்.

“அண்ணை, உங்களுக்கு விசரோ? அவர் ஆர், நீங்கள் ஆர்?”

“தம்பி, ஊரில வோட்டுப் போட ஏலாது, நான் அங்க இல்லை. இங்கயும் ஏலாது, ஜெர்மன் பாஸ்போர்ட் இல்லை. வெல்லவேணும் எண்டு நினைக்க எனக்கும் எங்கயாவது ஒரு ஆள் வேணுமெல்லோ?”

நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். “தோத்தால் மீசையை எடுப்பியளோ?” என்று கேட்டுவிட்டேன்.

“ஓம், எடுக்கிறன்!” வலைக்குள் மீசை துடித்தது.

தேர்தல் முடிந்தது. முடிவை ஒரு ஜெர்மன் பேப்பரும் போடவில்லை. உங்கள் அம்மாதான் இணையத்தில் தேடிப் பிடித்தார். வாத்தியார் தோற்றுப்போனார்.

“ரிசல்ட் வந்ததே தம்பி?”

“இல்லை அண்ணை. வோட்டுப் பெட்டி வள்ளத்திலயெல்லோ வரவேணும்.”

இரண்டு கிழமையாக அந்த வள்ளத்தை நான் கரைசேர விடவில்லை. ஒருநாள் புயல், ஒருநாள் மழை, ஒருநாள் எஞ்சின் பழுது! மூன்றாம் கிழமை அண்ணை நூலகத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரில் தானே பார்த்துவிட்டார்.

“வள்ளம் வந்திட்டுது தம்பி,” என்றார்.

“எடுக்காதேங்கோ அண்ணை. இங்க ஆருக்குத் தெரியப்போகுது?”

“அந்த மனுசனுக்காக நிண்டனான். தோத்தவுடனே விட்டிட்டு ஓடுறதே?”

மறுநாள் அண்ணை மீசை வலையோடுதான் வந்தார். உள்ளே ஒன்றுமில்லாமல் வலை தொய்ந்து தொங்கியது. போலந்துக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஒருநாளும் மீசை வைக்காத நானும் வலைப் பெட்டியிலிருந்து ஒரு மீசை வலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, அவர் பக்கத்தில் போய் நின்றேன்.