கடைசி நூனனுக்கு அரசு மரியாதை

தெற்கே, மாலுமிகள் வழி தவறினால் மட்டுமே போய்ச் சேரும் ஒரு கடலில், நூனத் தீவு என்றொரு தீவு இருந்தது. வருடத்தில் முக்கால்வாசி நாள் மூடுபனி. அங்கே நூனர்கள் என்ற மக்கள் கடல்நாய்த் தோலைப் போர்த்திக்கொண்டு, மீனும் சிப்பியும் தின்று, யார் வம்புக்கும் போகாமல் வாழ்ந்தார்கள். அவர்களிடம் சட்டம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். சண்டை போடலாம், தாராளமாகப் போடலாம். ஆனால் கட்டைவிரல் பருமனுள்ள குச்சியால்தான். யாருக்காவது தோல் கீறி ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தால் சண்டை முடிந்தது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டியதுதான். பல நூறு வருடங்களாக அந்தத் தீவில் ஒரு கொலை நடக்கவில்லை. இப்படிப்பட்ட நாடு உருப்படுமா, நீங்களே சொல்லுங்கள்!

பிறகு கப்பலார் வந்தார்கள். துப்பாக்கியோடு வந்தார்கள். நூனர்கள் மூன்று நாள் கூடிப் பேசினார்கள். “நாமதான் அதிகம் பேரு இருக்கோம், ஒரு கை பார்த்துடலாம்” என்றார்கள் இளவட்டங்கள். “வந்த ஆளைப் பார்த்து மாத்திக்கிறதுக்குப் பேரு சட்டமா?” என்று கேட்டார்கள் பெரியவர்கள். தீவில் பாதியையும் நட்பையும் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. அதைப் போய்ச் சொல்வதற்குள் கப்பலார் வேலையை முடித்துவிட்டார்கள். உயிரோடு மிஞ்சியவர்களை வீட்டுக்கு ஒருவராக அடிமைகளாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு தீவில் சட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு நூனர்கள் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. நூனருக்கு நூனர் கல்யாணம் கிடையாது. நூன மொழியைப் பேசக் கூடாது. தூக்கத்தில் உளறினாலும் எஜமானர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பல வருடம் கழித்து நிலநீதிமன்றம் என்று ஒன்று வந்தபோது, நாலைந்து நூனர்கள் நம்பிக்கையோடு போய் நின்றார்கள். நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நிலம் பறிபோனபோது நீங்கள் எத்தனை பேரைக் கொன்றீர்கள்?”

“யாரையும் இல்லைங்க.”

“அப்படியானால் அந்த நிலத்தின் மீது உங்களுக்குப் பற்று இருந்தது என்று நான் எவ்வாறு நம்புவது?”

தீர்ப்பு கப்பலார் பக்கம் போயிற்று.

இந்தத் தீவின் மேற்குக் கோடியில், ஒரு கப்பலார் வீட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள் மீரூ. தம்பி தாமோ கிழக்குக் கோடியில். இருவரையும் பிரித்தபோது அவளுக்குப் பதினைந்து வயது, அவனுக்கு ஒன்பது. நாற்பத்தோரு வருடம் ஆகிவிட்டது. கிழக்கே மேகம் கறுத்தால், “ஐயோ, நனையுறானே” என்று பதறுவாள். அவன் குரல் உடைந்து ஆண் குரலானதை அவள் கேட்டதே இல்லை. மொழி மறந்துபோகக் கூடாதென்று ஆடுகளிடம் பேசினாள். ஆடுகளைப் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை. ஆனால் ஆடு திருப்பிப் பேசுமா? யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, அந்த மொழியில் தனக்குப் பதில் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கி ஏங்கியே அவளுக்குத் தலை நரைத்துப்போனது.

ஒரு நாள் தாமோ இறந்துபோன செய்தி வந்தது. கூடவே அரசாணையும் வந்தது. அரசுப் பதிவேட்டின்படி தாமோவே கடைசி நூனன் (மற்றவர்கள் எல்லாம் வெறும் ‘அடிமை’ என்றே பதிவாகியிருந்தார்கள்), அவனோடு அந்த இனம் முற்றுப்பெற்றது, முழு அரசு மரியாதையுடன் அடக்கம் நடைபெறும். வெளிநாட்டு விருந்தினர்களுக்கு அழைப்பு போயாயிற்று. சிலைகூட வார்த்தாயிற்று.

எஜமானியிடம் கெஞ்சி விடுப்பு வாங்கிக்கொண்டு மீரூ தலைநகருக்கு நடந்தாள். மரபுத் துறை அமைச்சர் மாவெற்றியார் மாலைக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, எங்க வழக்கப்படி அவனைக் கடலைப் பார்த்து உக்கார வெச்சுப் புதைக்கணும். ‘கடல் தெரியுதா?’ன்னு ஒருத்தர் கேக்கணும். செத்தவனுக்காக எங்க ஆளுங்க யாராவது ‘தெரியுது’ன்னு பதில் சொல்லணும். சொல்லலைன்னா அவன் கிளம்ப மாட்டான், அங்கேயே கிடப்பான்.”

“தாயே, நீ யார்?”

“அவனோட அக்காங்க.”

அமைச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. பக்கத்தில் நின்ற செயலரைப் பார்த்தார். செயலர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அம்மா, நீ நூனத்தி என்றால் அவர் கடைசி நூனர் ஆகமாட்டார். கடைசி நூனர் இல்லையெனில் அரசு மரியாதைக்கு விதியில் இடமில்லை. அந்நிலையில் அவர் வெறும் அடிமை. உடல் எஜமானருக்குச் சொந்தம்.”

“அவரு என்ன பண்ணுவாரு?”

“வழக்கமாக உரக்குழிதான்.”

செயலர் ஒரு படிவத்தை நீட்டிப் படித்துக் காட்டினார். ‘நான் நூன இனத்தைச் சேர்ந்தவள் அல்ல. அவ்வினத்தில் தற்போது எவரும் உயிருடன் இல்லை என இதனால் உறுதி கூறுகிறேன்.’

“இதுல கைநாட்டு வெச்சா உக்கார வெச்சுப் புதைப்பீங்களா?”

“விருந்தினர்கள் அதை மிகவும் ரசிப்பார்கள்,” என்றார் அமைச்சர்.

“எங்க மொழியில கேக்க விடுவீங்களா?”

“மொழித்தடை நூனர்களுக்குத்தானே? கைநாட்டு வைத்தபின் உனக்குப் பொருந்தாது.”

“பதில் சொல்ல ஆளு?”

“அதற்கு அரசு பொறுப்பேற்காது.”

மீரூ கட்டைவிரலை மையில் தோய்த்தாள். அழுதுகொண்டேதான் வைத்தாள். நாற்பத்தோரு வருடம் அடி வாங்கியபோதும் இல்லாத வலி அது.

அடக்கத்தன்று காலையிலிருந்தே தூறல். பேண்டு வாத்தியம் முழங்கியது. கப்பலார் குடும்பம் குடும்பமாக வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்குப் பின்னாலும் ஓர் அடிமை குடை பிடித்து நின்றார். “உலகுக்கே சமாதானத்தைக் கற்பித்த ஓர் இனத்தை நாம் இழந்துவிட்டோம்!” என்று முழங்கினார் மாவெற்றியார், ஏதோ பையிலிருந்து சில்லறை தானாக விழுந்து தொலைந்துவிட்டதைப் போல. விருந்தினர்கள் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள்.

மீரூ மணல்குழி அருகே போனாள். உள்ளே கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனுக்கு அப்பாவின் முகம் அப்படியே வந்திருந்தது. என் தம்பி இவ்வளவு பெரியவனாகிவிட்டானா என்று குனிந்து பார்த்தாள். தன் மொழியில் கேட்டாள்.

“தாமோ, கடல் தெரியுதா?”

மறுபடி கேட்டாள்.

அப்போது பின்வரிசையில், ஒரு குடைக்குக் கீழிருந்து, அதே மொழியில் ஒரு கிழக்குரல் சொன்னது: “தெரியுது.”

அடுத்த குடையிலிருந்து ஒரு பெண் குரல். அதற்கடுத்து இன்னொன்று. பத்து, இருபது, நாற்பது குரல்கள். எஜமானர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, எல்லாக் குடைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.

“யார் அது? பதில் சொன்னது யார்?” என்று அலறினார் மாவெற்றியார்.

மீரூ கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். “யாரும் இல்லைங்க ஐயா. நீங்கதான் எழுதி வாங்கிட்டீங்களே.”

செயலர் அவசரமாகக் கோப்பைப் புரட்டினார். இல்லாதவர்கள் மீது வழக்குப் போட எந்தப் பிரிவிலும் இடமில்லை. அமைச்சர் விருந்தினர்கள் பக்கம் குனிந்து, இந்தப் பருவத்தில் இங்கே காற்று இப்படித்தான் வீசும் என்று விளக்கினார். விருந்தினர்களும் எஜமானர்களும் தலையாட்டிவிட்டு, குழியை மூட அடிமைகளை விட்டுவிட்டு விருந்துக்குக் கிளம்பினார்கள்.

வழக்கப்படி அந்தக் கேள்விக்கு ஒரு முறை பதில் வந்தால் போதும், இறந்தவர் கிளம்பிவிடுவார். மீரூ அன்று சாயங்காலம் வரை, பதில் வர வர, கேட்டுக்கொண்டே இருந்தாள்.